பேக்கப் சர்வரில் பேரேட்டுக்கு எந்த இடம்?

மருத்துவமனை, கல்லூரி, கூட்டுறவு வங்கி என்று கம்ப்யூட்டரை நம்பி நடக்கும் இடங்களில், பலர் கண்ணில் படாத ஓர் அறையில் பேக்கப் சர்வர் ஒன்று ஓடிக்கொண்டிருக்கும். பகலெல்லாம் சேர்ந்த கோப்புகளை இரவில் நகலெடுத்து வைப்பது அதன் வேலை. அதை வாங்கும்போது "எத்தனை டெராபைட்?" என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். அந்தச் சர்வருக்குள் எது எந்த டிஸ்க்கில் உட்காரப்போகிறது என்று கேட்பவர்கள் குறைவு. ஒரு நெருக்கடி வந்தால், நம் கோப்புகள் எத்தனை மணி நேரத்தில் திரும்பக் கிடைக்கும் என்பது பெரும்பாலும் அந்த இரண்டாவது கேள்வியில்தான் இருக்கிறது.

ஓர் அடகுக் கடையை நினைத்துக்கொள்ளுங்கள். நகைகள் எண் போட்ட சிறு பைகளில் பெட்டகத்துக்குள் இருக்கின்றன. எந்த எண் யாருடையது என்பது பேரேட்டில் இருக்கிறது. பேரேடு எரிந்துபோனால், பெட்டகத்தில் ஒரு குந்துமணி தங்கம் குறையாவிட்டாலும் யாருக்கும் எதையும் திருப்பிக் கொடுக்க முடியாது. பேக்கப் சர்வரில் அந்தப் பேரேடுதான் டேட்டாபேஸ். எந்தக் கோப்பு, எந்தத் தேதி, சேமிப்பில் எந்த இடம் என்பதெல்லாம் அதில்தான் பதிவாகிறது. இன்றைய மென்பொருள்கள் பல, கோப்புகளைத் துண்டு துண்டாக வெட்டி, ஒரே மாதிரித் துண்டு இரண்டாம் முறை வந்தால் அதைச் சேமிக்காமல் விட்டுவிடுகின்றன. இடம் மிச்சமாகிறது. ஆனால், துண்டுகளை மறுபடி கோக்க டேட்டாபேஸை விட்டால் வேறு வழியில்லை.

ஐபிஎம் நிறுவனம் 1993 முதல் ஒரு பேக்கப் மென்பொருளை வளர்த்து வருகிறது. பல காலம் டிவோலி ஸ்டோரேஜ் மேனேஜர் என்று வழங்கியது. இப்போது ஸ்டோரேஜ் புரொடெக்ட். அதில் ஒரு கோப்பின் ஒரு பதிப்பைப் பற்றிய குறிப்புக்கு டேட்டாபேஸில் சுமார் 1000 பைட் வரை ஒதுக்கிக் கணக்கிடுவது வழக்கம். 5 கோடி பதிப்புகள் என்றால் 50 ஜிபி. சேமிப்போ 40 டெராபைட் இருக்கலாம். ஆயிரத்தில் ஒன்றேகால் பங்குதான் பேரேடு! இவ்வளவு சின்னதுக்குத் தனி டிஸ்க் எதற்கு, பெரிய டிஸ்க்கின் ஓர் ஓரத்தில் போட்டுவிடலாமே என்றுதான் தோன்றும். அங்கேதான் தவறு தொடங்குகிறது.

ஹார்ட் டிஸ்க் பொதுவாக நிமிடத்துக்கு 7200 முறை சுழல்கிறது. தேவையான இடம் சுழன்று வர சராசரியாக 4 மில்லி செகண்ட். படிக்கும் முனை அங்கே நகர ஏறத்தாழ 8 மில்லி செகண்ட். ஆக, இங்கொன்றும் அங்கொன்றுமாகப் படித்தால் ஒரு விநாடிக்கு 80 இடங்களைத்தான் தொட முடியும். டேட்டாபேஸ் 4 கேபி, 8 கேபி என்று சிறு சிறு பக்கங்களாகப் படிப்பதால், விநாடிக்குச் சில நூறு கேபிதான் கைக்கு வரும். அதே டிஸ்க், பெரிய கோப்பு ஒன்றை வரிசையாக எழுதும்போது விநாடிக்கு 200 எம்பி வரை போகும். பேக்கப் வேலைக்கு அந்த வரிசையான எழுத்து வேண்டும். டேட்டாபேஸுக்குத் தாவித் தாவிப் படிக்க வேண்டும். இரண்டையும் ஒரே டிஸ்க்கில் வைத்தால் ஒன்றை ஒன்று கெடுத்துக்கொள்ளும். இரவில் முடிய வேண்டிய பேக்கப் காலை பத்து மணிக்கும் ஓடிக்கொண்டிருக்கும். டேட்டாபேஸை எஸ்எஸ்டி டிஸ்க்கில் வையுங்கள். அதில் சுழல்வதும் இல்லை, நகர்வதும் இல்லை. விநாடிக்குப் பல்லாயிரம் முறை படிக்கலாம். 50 ஜிபிக்கு ஆகும் செலவு, மொத்தச் சர்வர் விலையில் ஒரு பொருட்டே அல்ல. ஒன்று பழுதானால் மற்றொன்று கைகொடுக்க, இரண்டு எஸ்எஸ்டிகளில் ஒரே மாதிரி எழுதச் சொல்லுங்கள்.

அடுத்து, லாக். டேட்டாபேஸ் எந்த மாற்றத்தையும் முதலில் லாக்கில் எழுதிவிட்டுத்தான் பிறகு தன் பக்கங்களில் எழுதும். நடுவில் மின்சாரம் போனால் எழுந்து நிற்க அதுதான் ஆதாரம். ஐபிஎம் மென்பொருளில் நடப்பு லாக் ஒன்று, பழைய லாக்குகளின் சேகரம் ஒன்று என இரண்டு உண்டு. டேட்டாபேஸுக்கே முழு பேக்கப் எடுத்தால்தான் அந்தச் சேகரம் துடைக்கப்படும். சில நாள் அதை எடுக்காமல் விட்டால் சேகரம் நிரம்பும். பிறகு நடப்பு லாக்கும் நிரம்பும். கடைசியில் சர்வரே நின்றுவிடும். சேமிப்பு டிஸ்க்குகளில் பாதி காலியாக இருக்கும்போதே இது நடக்கும். அதனால்தான் டேட்டாபேஸ், இரண்டு லாக்குகள், சேமிப்பு ஆகிய நான்குக்கும் தனித்தனி இடம் கொடுக்கச் சொல்கிறார்கள்.

சேமிப்புக்கு விலை குறைந்த பெரிய டிஸ்க்குகளே போதும். ஆனால் ஒன்றைக் கணக்கில் வையுங்கள். 20 டெராபைட் டிஸ்க் ஒன்று பழுதாகி, புதிதை முழுவேகத்தில் நிரப்பினாலும் 28 மணி நேரம் ஆகும். அதற்குள் இன்னொன்று போய்விட்டால்? ஒரே சமயத்தில் வாங்கிய டிஸ்க்குகள் அடுத்தடுத்துப் பழுதாவது உண்டு. அதனால் இரண்டு டிஸ்க் போனாலும் தாங்கும் ரெய்டு 6 அமைப்பு இங்கே பொருத்தம். டிஸ்க் பழுதை மட்டும்தான் ரெய்டு தாங்கும் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். தவறுதலாக அழித்ததை, அது எல்லா டிஸ்க்கிலும் ஒழுங்காக அழித்துவிடும்.

2017 ஜனவரி 31 அன்று கிட்லேப் என்ற மென்பொருள் நிறுவனத்தில் இது நடந்தது. பொறியாளர் ஒருவர், துணை சர்வர் என்று நினைத்து முதன்மை சர்வரின் டேட்டாபேஸை அழித்துவிட்டார். நிறுத்துவதற்குள் சுமார் 300 ஜிபியில் 4.5 ஜிபிதான் மிஞ்சியது. அன்றாட பேக்கப்பைத் தேடினால் எதுவும் இல்லை. மென்பொருள் பதிப்புப் பொருந்தாமல் அது தோற்றுக்கொண்டே இருந்திருக்கிறது. எச்சரிக்கை மின்னஞ்சல்களும் வந்து சேரவில்லை. வேறொரு வேலைக்காக ஆறு மணி நேரத்துக்கு முன் எடுத்த நகல் ஒன்று, சோதனைச் சர்வரில் தற்செயலாக இருந்தது. அதுவே காப்பாற்றியது. ஆனால் அந்தச் சர்வரின் டிஸ்க்குகள் வேகம் குறைந்தவை. அந்த நகலைக் கொண்டுவந்து சேர்க்கவே சுமார் 18 மணி நேரம் ஆனது. நடந்ததை அந்த நிறுவனம் ஒளிக்காமல் விவரமாக வெளியிட்டது. அந்த நேர்மையை நான் மிகவும் மதிக்கிறேன். அதனால்தான் இன்று நாம் இதைப் பேச முடிகிறது.

உங்கள் அலுவலகத்தில் இந்தப் பொறுப்பில் இருப்பவரிடம் இரண்டு விஷயம் கேளுங்கள். பேக்கப் சர்வரின் டேட்டாபேஸுக்கு எடுக்கும் நகல், அதே சர்வரில் இருக்கிறதா, வேறு இயந்திரத்தில் இருக்கிறதா? அந்த நகலை ஒரு வெற்று இயந்திரத்தில் ஏற்றி, ஒரு கோப்பையாவது மீட்டுப் பார்க்க எவ்வளவு நேரமானது? இரண்டாவதற்குப் பதில் இல்லையென்றால், வரும் சனிக்கிழமை செய்து பார்க்கச் சொல்லுங்கள். கூடவே உட்கார்ந்து நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்.