பத்திரமும் நாளும் நம் கையில் இருக்கட்டும்

(தோட்டக் கிளைக் கூட்டமொன்றில், பட்டணத்தில் சிறு அலுவலகம் நடத்தும் வழக்கறிஞர் ஒருவர் ஆற்றிய உரை)



எங்கள் அலுவலகத்துக்குத் தோட்டங்களிலிருந்து வருகிறவர்களை இரண்டு கஷ்டங்கள் அழைத்து வருகின்றன. ஒன்று பிரஜாவுரிமை. மற்றொன்று கடையும் கடனும். இரண்டுக்கும் சட்டத்தில் பாதுகாப்பு உண்டு. ஆனால் உரிய பத்திரத்தோடு, உரிய நாளுக்குள் கேட்கிறவனுக்குத்தான் அந்தப் பாதுகாப்பு கிடைக்கும். விடியலில் வெட்டாத மரம் உச்சி வெயிலில் பால் கொடுக்குமா? சட்டமும் அப்படித்தான்.

முதலில் பிரஜாவுரிமை. 1957 ஆகஸ்ட் 31 மெர்டேக்கா நாள் தொடங்கி இந்த மண்ணில் பிறந்த பிள்ளை, பிறந்த காரணத்தாலேயே பிரஜையானது. அந்தக் காலம் 1962-உடன் முடிந்தது. அதற்குப் பின், பெற்றோரில் ஒருவராவது பிரஜையாகவோ நிரந்தரவாசியாகவோ இருக்க வேண்டும் என்று ஆயிற்று. 1968-இல் வந்த சட்டம், பிரஜையல்லாதவருக்கு வேலை பெர்மிட் கட்டாயம் என்றது. 1969-க்குப் பின் பல்லாயிரம் தொழிலாளர் கப்பலேறினார்கள். இந்த நாட்டில் ஆயுள் முழுவதும் பால் வெட்டியவர்களும் அவர்களில் இருந்தார்கள். அவர்கள் உழைப்பில் குறை ஏதும் இல்லை. கையில் நீலக் கார்டு இல்லை, அவ்வளவுதான்.

அது பழைய கதை என்று எண்ணாதீர்கள். இன்றும் நம் லயங்களில் பிள்ளைகள் நாடற்றவர்களாக வளருகிறார்கள். காரணம் பெரும்பாலும் ஒரு விவாகப் பதிவு.

ஓர் உதாரணம் சொல்கிறேன். தகப்பன் பிரஜை. தாய் அயல் நாட்டிலிருந்து வேலைக்கு வந்தவள். கோயிலில் தாலி கட்டினார்கள், ஊர் சாப்பிட்டது, படமும் எடுத்தார்கள். ஆனால் பதிவு செய்யவில்லை. 1976-ஆம் ஆண்டின் விவாகச் சட்டம் 1982 மார்ச் 1 முதல் அமலில் உள்ளது. அதன்படி முஸ்லிம் அல்லாதார் தங்கள் விவாகத்தைப் பதிவு செய்ய வேண்டும். பதிவில்லா விவாகத்தில் பிறந்த பிள்ளைக்குத் தகப்பனுடைய பிரஜாவுரிமை சேராது, தாயின் நிலைதான் சேரும். பிறப்புப் பத்திரத்தில் 'புக்கான் வர்காநெகாரா' என்று விழுந்துவிடும். பிறகு ஓடிப்போய் விவாகத்தைப் பதிந்தாலும், பதிவு இலாகா பிள்ளை பிறந்த நேரத்து நிலையைத்தான் பார்க்கிறது. அந்தப் பிள்ளை பள்ளியில் சேரவும், ஆஸ்பத்திரிக்குப் போகவும், நாளை வேலை தேடவும் படும் பாட்டை நீங்களே அறிவீர்கள்.

இதுவரை சிவப்புக் கார்டு வைத்திருந்த பெற்றோரின் பிள்ளைகளுக்கு ஓர் ஆறுதல் இருந்தது. பெற்றோரில் ஒருவர் நிரந்தரவாசியானால் இங்கே பிறந்த பிள்ளை பிரஜைதான். 2024-இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய அரசியலமைப்புத் திருத்தம் அந்த வழியை அடைக்கிறது. பிள்ளைக்காக விசேஷ மனுப் போடும் வயது வரம்பையும் 21-லிருந்து 18-ஆகக் குறைக்கிறது. அதே திருத்தம், மலேசியத் தாய் வெளிநாட்டில் பெறும் பிள்ளைக்கு உரிமை தருகிறது; அது நல்ல காரியம். ஆனால் சிவப்புக் கார்டு வீடுகளில் இனி அலட்சியத்துக்கு இடமில்லை.

ஆகவே செய்ய வேண்டியவை மூன்று. முதலாவது, விவாகத்தைப் பிள்ளை பிறக்கு முன்பே பதியுங்கள். சில கோயில்களிலேயே துணைப் பதிவாளர் இருக்கிறார். இரண்டாவது, பிள்ளை பிறந்த 60 நாட்களுக்குள் பிறப்பைப் பதியுங்கள். மூன்றாவது, ஏற்கெனவே 'பிரஜையல்ல' என்று விழுந்த பிள்ளை வீட்டில் இருந்தால், இந்த மாதமே பதிவு இலாகாவுக்குப் போங்கள். பத்து வயதுப் பிள்ளைக்கு இருக்கும் வழி பதினெட்டு வயதுப் பிள்ளைக்கு இராமற் போகலாம்.

இனி கடை விஷயம். சம்பளத்தில் வாங்கிய குளிர்பெட்டி மூன்றாம் வாரம் நின்றுவிடுகிறது. கடைக்காரர் இன்று வா, நாளை வா என்கிறார். இதற்காகவே 1999-ஆம் ஆண்டின் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் ஒரு நடுவர் மன்றம் இருக்கிறது. மனுக் கட்டணம் 5 வெள்ளி. 50,000 வெள்ளி வரை கேட்கலாம். வக்கீல் வைக்க வேண்டாம். இதை வக்கீலாகிய நானே சொல்கிறேன். மூன்று வருஷத்துக்குள் மனுப் போட வேண்டும், ரசீது வேண்டும். தீர்ப்பான 14 நாட்களுக்குள் கடைக்காரர் அதன்படி நடக்காவிட்டால் அது குற்றம்.

மோட்டார் சைக்கிள் தவணை கட்டுகிறவர்கள் 1967-ஆம் ஆண்டின் தவணைக் கொள்முதல் சட்டத்தை ஞாபகம் வைக்க வேண்டும். தொடர்ந்து இரண்டு மாதத் தவணை தவறிய பிறகுதான் வண்டியை எடுக்க முயலலாம். அதற்கும் முன் 21 நாள் எழுத்து அறிவிப்புத் தர வேண்டும். ரொக்க விலையில் முக்கால் பங்குக்கு மேல் நீங்கள் கட்டிவிட்டால், கோர்ட்டு உத்தரவு இல்லாமல் வண்டியைத் தொடக் கூடாது. 6,000 வெள்ளி வண்டிக்கு 4,500-க்கு மேல் கட்டியவரிடம் ஆள் வந்து சாவி கேட்டால், "உத்தரவு எங்கே?" என்று தைரியமாகக் கேளுங்கள். அப்படிக் கேட்க, கட்டிய ரசீதெல்லாம் உங்களிடம் இருக்க வேண்டும்.

கிராணிமார்களுக்கு ஒரு வேண்டுகோள். செக்ரோல் எழுதும் கை, வாரத்தில் ஒரு மாலை இந்த மனுக்களையும் எழுதட்டும். மலாயில் வந்த கடிதத்தைப் படிக்கத் தெரியாமல், கெடு முடிந்த பிறகு எங்களிடம் கொண்டுவருகிறவர்கள் அநேகர். பெரட்டுக்கு வரும்போது அந்தக் கடிதத்தை வாங்கிப் படித்துச் சொன்னால் ஒரு குடும்பமே பிழைக்கும்.

தாய்மார்களே! ஒரு தகரப் பெட்டி வாங்குங்கள். விவாகப் பத்திரம், பிறப்புப் பத்திரம், கார்டு, ரசீது எல்லாம் அதில் இருக்கட்டும். தங்கம் போனால் மீண்டும் வாங்கலாம். பிள்ளையின் பெயர் இந்த நாட்டின் ஏட்டில் விழுவதற்கு அந்தப் பெட்டிதான் துணை.