தீர்ப்பு சொன்ன கட்டடத்தில் ஒரு பிரெஞ்சு விருந்து

ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர், மம்சாபுரம் பக்கத்திலிருந்து சிங்கப்பூரில் இருக்கும் சொந்தக்காரர்களைப் பார்க்கப் போகிறவர்கள், தேக்கா, முஸ்தபா கடை, வீரமாகாளியம்மன் கோவில் என்று சுற்றிவிட்டு விமானம் ஏறிவிடுவார்கள். இன்று அங்கிருந்து சற்றுத் தெற்கே போவோம். சிட்டி ஹால் ரயில் நிலையத்தில் இறங்கிக் கொஞ்சம் நடந்தால் படாங் என்ற பச்சைப் புல்வெளி வரும். அதைப் பார்த்தபடி இரண்டு பெரிய கட்டடங்கள் நிற்கின்றன. தூண்வரிசை உள்ளது 1929இல் முடிந்த நகர மண்டபம். குவிமாடம் உள்ளது 1939இல் திறந்த பழைய உச்ச நீதிமன்றம். இரண்டையும் இணைத்து 2015 நவம்பரில் தேசியக் கலைக்கூடம் ஆக்கினார்கள். இணைக்கும் வேலைக்கு வடிவம் கொடுத்தது ஸ்டூடியோமிலூ என்ற பிரெஞ்சுக் கட்டடக்கலை நிறுவனம்.

உள்ளே போகுமுன் நகர மண்டபத்தின் படிகளருகே ஒரு நிமிடம் நில்லுங்கள். 1943 ஜூலை 5ஆம் தேதி நேதாஜி இங்கேதான் இந்திய தேசிய ராணுவத்தின் அணிவகுப்பை ஏற்று, டெல்லி சலோ என்று முழங்கினார். மலாயா ரப்பர் தோட்டங்களில் பால்வெட்டிக்கொண்டிருந்த நம்மவர் எத்தனையோ பேர் அந்தப் படையில் சேர்ந்தார்கள். இரண்டே வருடம் கழித்து, 1945 செப்டம்பர் 12ஆம் தேதி, ஜப்பானியர் சரணடைந்து கையெழுத்திட்டதும் இதே நகர மண்டபத்தில்தான்.

கலைக்கூடத்தில் எல்லாவற்றையும் பார்க்க ஒரு நாள் போதாது. இரண்டு ஓவியங்களைத் தவறவிடாதீர்கள். ஒன்று, ஜாவா ஓவியர் ராடன் சாலே 1849இல் வரைந்த காட்டுத்தீ. சுவர் உயரத்துக்கு நிற்கிறது. நெருப்பு துரத்த, புலியும் மானும் காளையும் பகை மறந்து ஒரே மலைவிளிம்புக்கு ஓடி வருகின்றன. கோடையில் மேற்கு மலையில் தீ எரிவதை ஊரில் இருந்தே பார்த்த நமக்கு அதன் முன் நின்றால் நெஞ்சு அடைக்கும். இன்னொன்று, சுவா மியா தீ 1959இல் வரைந்த தேசிய மொழி வகுப்பு. வட்ட மேசையைச் சுற்றி உட்கார்ந்து சீன இளைஞர்கள் மலாய் படிக்கிறார்கள். உன் பெயர் என்ன, எங்கே குடியிருக்கிறாய் என்று கரும்பலகையில் இரண்டு கேள்விகள். புதிதாக உருவாகிக்கொண்டிருந்த நாட்டுக்கு அந்த இரண்டும் சின்னக் கேள்விகளா என்ன!

பசித்தால் நீதிமன்றப் பக்கத்துத் தரைத்தளத்துக்கு வாருங்கள். அங்கே இருக்கிறது ஓடெட் என்ற பிரெஞ்சு உணவகம். பிரான்சின் மலைப்பகுதியான ஓவெர்னில் விவசாயக் குடும்பத்தில் பிறந்த ஜூலியன் ருவாயே என்ற சமையல் கலைஞர், தன் பாட்டியின் பெயரையே கடைக்கு வைத்திருக்கிறார். மிச்லின் என்ற உணவக மதிப்பீட்டின் உச்சமான மூன்று நட்சத்திரம் இதற்கு 2019இல் கிடைத்தது. நம் ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா புவிசார் குறியீடு பெற்றதும் அதே வருடம்தான்.

உணவுக்கூடம் முழுக்க வெளிர் ரோஜாவும் சாம்பலும். தலைக்கு மேலே சிங்கப்பூர்க் கலைஞர் டான் ங் செய்த தொங்கு சிற்பம். யாரும் உரக்கப் பேசுவதில்லை. எனக்கு அது கொஞ்சம் அதிகப்படியாகவே பட்டது. சாப்பிடுகிற இடத்தில் சிரிப்புச் சத்தம் கேட்க வேண்டாமா? நாம் கேட்பதைக் கொண்டுவருவதில்லை, அவர்கள் வகுத்த வரிசைதான். நம் கல்யாணப் பந்தி போலத்தான், ஆனால் எல்லாம் ஒரே இலையில் விழாமல் ஒன்று முடிந்த பிறகு ஒன்று வருகிறது.

இந்தக் கடைக்குப் பேர் வாங்கிக் கொடுத்தவற்றில் முட்டை முக்கியமானது. ஐம்பத்தைந்து நிமிடம் மிதமான சூட்டில் வெந்த முட்டை, ரோஸ்மேரி மணக்கும் புகையோடு மேசைக்கு வருகிறது. நுரை போன்ற உருளைக்கிழங்கு அதற்குத் துணை. பீட்ரூட்டைப் பல விதமாகச் சமைத்துத் தேனடையோடு வைப்பது இன்னொன்று. கம்போடியாவின் கம்போட் மிளகு பூசிய புறா மற்றொன்று. முட்டையும் பீட்ரூட்டும் நம் வீட்டிலும் உண்டு. அவற்றை அவர்கள் எவ்வளவு பொறுமையாகக் கையாளுகிறார்கள் என்பதற்குத்தான் விலை. எந்தப் பொருள் எந்த ஊரில் விளைந்தது என்பதையும் பரிமாறுகிறவர்கள் சொல்கிறார்கள். மம்சாபுரம் தோப்பிலிருந்து போகிற மாம்பழத்துக்கு நம் ஊர் ஓட்டல்களில் யாராவது ஊர்ப்பேர் சொல்கிறார்களா?

விலையை மறைக்க மாட்டேன். ஒருவருக்குப் பல நூறு சிங்கப்பூர் வெள்ளி ஆகும். குடும்பத்தோடு போகிற இடமில்லை. சமையலையே தொழிலாகக் கொண்டவர்களும், சாப்பாட்டை ரசித்து ஆராய்கிறவர்களும் ஒருமுறை போகலாம். மதிய உணவு இரவு உணவைவிடக் கட்டணம் குறைவு. பல வாரங்களுக்கு முன்பே பதிவு செய்ய வேண்டும். சைவம் என்றால் அப்போதே சொல்லிவிட வேண்டும்.

மற்றவர்களுக்குக் கலைக்கூடமே போதுமான விருந்து. வெளிநாட்டவருக்கு நுழைவுக் கட்டணம் உண்டு. படாங்குக்கு எதிரே எஸ்பிளனேட் பூங்காவில், இந்திய தேசிய ராணுவ நினைவுச்சின்னம் இருந்த இடத்தில் ஒரு குறிப்புப் பலகை நிற்கிறது. அதற்குக் கட்டணம் எதுவும் இல்லை. கட்டாயம் பார்த்துவிட்டு வாருங்கள்.