எண்ணிச் சொல்லும் கலை



ஓடிக்கொண்டிருக்கும் ஒரு லினக்ஸ் கணினியிடம், "உனக்குள் இப்போது எத்தனை பெயர்வெளிகள் இருக்கின்றன?" என்று நேராகக் கேட்டுப் பதில் வாங்க இருபது ஆண்டுகளுக்கும் மேலாக வழியே இருக்கவில்லை. லினக்ஸின் முதல் பெயர்வெளி 2002-இல் 2.4.19 கெர்னலில் வந்தது. பட்டியல் கேட்பதற்கென்றே ஒரு சிஸ்டம் கால், லிஸ்ட்என்எஸ் என்ற பெயரில், 2025 இறுதியில்தான் மூலநிரலில் சேர்ந்தது, 6.19 பதிப்போடு வெளியே வந்தது. ஒரு பட்டியல் கொடுக்க இவ்வளவு காலமா என்று கேட்கத் தோன்றும். எளிய கேள்விதான். அதற்குப் பதில் சொல்லும் இடைமுகத்தை எப்படி வடிவமைப்பது, லிஸ்ட்என்எஸ் அதை எவ்வளவு தூரம் சாதித்திருக்கிறது என்பதை இன்று மதிப்பிட்டுப் பார்க்கலாம்.

நேம்ஸ்பேஸ் என்று கணினிக்காரர்கள் சொல்வதைத்தான் பெயர்வெளி என்கிறேன். கணினியில் ஓடும் கெர்னல் ஒன்றுதான். ஆனால் அதன் மேல் ஓடும் பிராசஸ்கள் எல்லாம் ஒரே உலகத்தைப் பார்க்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஒரு கூட்டம் பிராசஸ்களுக்குத் தனி நெட்வொர்க், இன்னொரு கூட்டத்துக்குத் தனி ஹோஸ்ட்நேம், வேறொன்றுக்குத் தனி பிராசஸ் எண் வரிசை என்று கெர்னல் பிரித்துக் காட்ட முடியும். மவுண்ட், யூடிஎஸ், ஐபிசி, பிஐடி, நெட்வொர்க், யூஸர், சிகுரூப், டைம் என்று இன்று எட்டு வகைகள் உண்டு. கடைசியாக வந்த டைம் பெயர்வெளி 2020-இல் 5.6 கெர்னலில் சேர்ந்தது. டாக்கர் போன்ற கருவிகள் இவற்றில் சிலவற்றைச் சேர்த்துக் கட்டித்தான் 'கன்டெய்னர்' என்று தருகின்றன. கன்டெய்னர் என்ற ஒரு பொருளே கெர்னலுக்குத் தெரியாது. அதற்குத் தெரிந்ததெல்லாம் தனித்தனிப் பெயர்வெளிகள் மட்டுமே.

ஃப்ரீபிஎஸ்டி என்ற இயங்குதளம் இந்த விஷயத்தில் வேறு பாதையில் போனது. அங்கே கன்டெய்னர் போன்ற 'ஜெயில்' என்பது 2000-இல் வந்த 4.0 பதிப்பு முதலே கெர்னல் அறிந்த ஒற்றைப் பொருள். அதற்கு எண் உண்டு. 2009-இல் 8.0 பதிப்பில் வந்த ஜெயில்_கெட் என்ற அழைப்பிடம் ஒரு ஜெயிலின் எண்ணைக் கொடுத்து, இதற்கு அடுத்தது எது என்று கேட்கலாம். அது ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே போகும். பொருள் ஒன்றாக இருந்தால் பட்டியலும் சுலபம். லினக்ஸில் எட்டு வகை. ஒன்றை ஒன்று சார்ந்தும் சாராமலும் பிறந்து மடிபவை. அதனால் சிக்கலும் அதிகம்.

சரி, இத்தனை நாள் எப்படிச் சமாளித்தார்கள்? ப்ராக் என்ற டைரக்டரியின் கீழ் ஒவ்வொரு பிராசஸுக்கும் ஒரு டைரக்டரி உண்டு. அதற்குள் என்எஸ் என்று இன்னொன்று. அதைத் திறந்தால் பத்து லிங்குகள். அவற்றில் யூஸர் என்ற லிங்கைப் படித்தால், 'யூஸர்' என்ற சொல், ஒரு முக்காற்புள்ளி, சதுர அடைப்புக்குள் 4026531837 என்ற எண் வரும். கணினி தொடங்கும்போதே இருக்கும் முதல் யூஸர் பெயர்வெளியின் ஐனோடு எண் அது. கரேல் ஸாக் எழுதிய எல்எஸ்என்எஸ் என்ற கருவி, ப்ராக்கில் கண்ணில் படும் ஒவ்வொரு பிராசஸிடமும் போய் இந்த லிங்குகளைப் படித்து, ஒரே எண் உள்ளவற்றை ஒன்றாகச் சேர்த்து, அழகான அட்டவணையாகக் கொடுக்கும்.

ஒரு தெருவில் எத்தனை வீடு என்று அறிய, எதிரே வருகிறவர்களை எல்லாம் நிறுத்தி "உங்க வீடு எது?" என்று கேட்டு எழுதிக்கொள்வது போன்ற வேலை இது. பூட்டிக் கிடக்கும் வீடு கணக்கில் வராது.

பூட்டிக் கிடக்கும் பெயர்வெளி உண்டா என்றால், தாராளமாக உண்டு. 'ஐபி நெட்என்எஸ் ஆட்' என்று ஒரு கட்டளை இருக்கிறது. நெட்வொர்க் நிர்வாகிகள் அன்றாடம் அடிக்கும் கட்டளை. அது மூன்று காரியம் செய்கிறது. ரன் டைரக்டரியின் கீழ் நெட்என்எஸ் என்ற இடத்தில் வெறும் கோப்பு ஒன்றை உண்டாக்குகிறது. தன்னைப் புதிய நெட்வொர்க் பெயர்வெளிக்குள் மாற்றிக்கொள்கிறது. பிறகு அந்தப் பெயர்வெளியை அந்தக் கோப்பின் மேல் பைண்ட் மவுண்ட் செய்துவிட்டு முடிந்துபோகிறது. உள்ளே ஒரு பிராசஸ்கூட இல்லை. ஆனாலும் மவுண்ட் பிடித்திருப்பதால் பெயர்வெளி உயிரோடு இருக்கிறது. பிராசஸ்களை மட்டும் விசாரிக்கும் கருவிக்கு இது தெரியாது. பிற்பாடு எல்எஸ்என்எஸ் மவுண்ட் அட்டவணையையும் துழாவக் கற்றுக்கொண்டது உண்மைதான். ஆனால் மவுண்ட் அட்டவணையே ஒவ்வொரு மவுண்ட் பெயர்வெளிக்கும் வேறு வேறு. இன்னும் ஒரு படி போனால், யூனிக்ஸ் சாக்கெட் வழியாக ஒரு பிராசஸ் இன்னொன்றுக்கு, ஒரு பெயர்வெளியைப் பிடித்திருக்கும் ஃபைல் டிஸ்கிரிப்டரை அனுப்பலாம். அனுப்பியவர் தன் பிரதியை மூடிவிட்டார், பெறுகிறவர் இன்னும் எடுக்கவில்லை என்று வையுங்கள். அந்த இடைவெளியில் அந்தப் பெயர்வெளி யார் கையிலும் இல்லை, ஆனால் இருக்கிறது. ப்ராக்கை எவ்வளவு துழாவினாலும் அகப்படாது.

செலவும் குறைவில்லை. ஐயாயிரம் பிராசஸ் ஓடும் கணினியில், ஆளுக்குப் பத்து லிங்க் என்றால் ஐம்பதாயிரம் முறை படிக்க வேண்டும். படித்து முடிப்பதற்குள் சில பிராசஸ்கள் போயிருக்கும், சில புதிதாக வந்திருக்கும். வருகிற பட்டியல் எந்தக் கணத்தின் நிலைமையும் அல்ல.

இந்தக் குறைகள் தெரியாமல் யாரும் இல்லை. 2020-இல் ப்ராக்கின் கீழேயே பெயர்வெளிகளுக்கென்று ஒரு டைரக்டரி வைக்கலாம் என்று ஒரு முன்மொழிவு வந்தது. நிறைவேறவில்லை. பெயர்வெளிகளை நெடுங்காலம் பேணி வந்த எரிக் பீடர்மன் இதை ஆட்சேபித்ததற்குக் காரணம் உண்டு. பெயர்வெளிகளுக்கே கணினி முழுதும் செல்லும் பெயர் கொடுத்தால், அந்தப் பெயர்களைப் பிரித்துவைக்க இன்னொரு பெயர்வெளி தேவைப்படும். ஓடும் கன்டெய்னரை உறையவைத்து வேறு கணினியில் எழுப்பும் கிரியூ போன்ற கருவிகளுக்கு, இங்கே இருந்த எண் அங்கே இருக்காது. அதனால்தான் பெயருக்குப் பதிலாக ஃபைல் டிஸ்கிரிப்டரே பெயர்வெளியின் கைப்பிடி என்று முன்பே முடிவு செய்தார்கள். அது நல்ல முடிவுதான். ஆனால் ஏற்கெனவே கையில் இருப்பதைப் பிடித்துக்கொள்ளத்தான் கைப்பிடி உதவும். எவையெல்லாம் இருக்கின்றன என்று கேட்க உதவாது.

கிறிஸ்டியன் பிரவுனர், லினக்ஸின் கோப்பு அமைப்புப் பகுதியைப் பேணுபவர்களில் ஒருவர். அதற்கு முன் எல்எக்ஸ்சி கன்டெய்னர்களில் வேலை செய்தவர். அவர் கொண்டுவந்த லிஸ்ட்என்எஸ் இந்த முடிச்சை எப்படி அவிழ்க்கிறது என்று பார்ப்போம்.

முதல் கேள்வி, எதை 'இருக்கிறது' என்று சொல்வது? கேட்டால் சாதாரணம். ஆனால் கடைசிப் பிராசஸ் போன பிறகும் கெர்னல் தன் உள்வேலைக்காக ஒரு பெயர்வெளியின் தரவைச் சற்று நேரம் பிடித்து வைத்திருக்கும். அதையும் பட்டியலில் காட்டினால் பயனருக்குக் குழப்பம். போய்த் திறந்தால் செத்ததைத் தொட்டது போல ஆகும். ஆகவே நினைவகத்தில் தரவைப் பிடித்திருக்கும் கணக்கு ஒன்று, பயனர் பக்கத்திலிருந்து எட்டக்கூடியதா என்ற கணக்கு வேறொன்று என்று இரண்டாகப் பிரித்தார்கள். பிராசஸோ, திறந்த டிஸ்கிரிப்டரோ, மவுண்டோ, உயிருள்ள பிள்ளைப் பெயர்வெளியோ பிடித்திருந்தால்தான் பட்டியலில் வரும். இதில் ஒரு விசித்திரமும் உண்டு. ஒரு சாக்கெட் மட்டும் தன் நெட்வொர்க் பெயர்வெளியை உள்ளுக்குள் பிடித்திருக்கலாம். அந்தச் சாக்கெட்டிடம் கேட்டு அதைத் திறந்தால், பட்டியலிலிருந்து விழுந்த பெயர்வெளி மறுபடி பட்டியலுக்கு வந்துவிடும். 'இருத்தல்' என்பதை இவ்வளவு கறாராக வரையறுத்ததை இந்த வடிவமைப்பின் தலையாய சாதனை என்பேன்.

இரண்டாவது, எப்படிக் குறிப்பிடுவது? பழைய ஐனோடு எண் 32 பிட். ஒரு பெயர்வெளி மறைந்தால் அதன் எண் அடுத்ததற்குப் போய்விடும். காலையில் குறித்துவைத்த எண் மாலையில் வேறொருவருடையதாக இருக்கலாம். புதிய அடையாள எண் 64 பிட். கணினியை மறுபடி தொடங்கும் வரை இன்னொன்றுக்குக் கொடுக்கப்படாது. வினாடிக்குப் பத்து லட்சம் பெயர்வெளிகளை உண்டாக்கினாலும் அந்த எண்கள் தீர ஐந்து லட்சத்து எண்பதாயிரம் ஆண்டுகளுக்கு மேல் ஆகும். பட்டியலில் வந்த எண்ணைக் கொண்டு பெயர்வெளியைத் திறக்கும் வசதியும் 6.18 முதல் இருக்கிறது. இடையில் அது மறைந்துவிட்டால் திறப்பு தோற்கும். தவறான ஒன்று திறக்காது. நிர்வாகிக்கு இதுதான் நிம்மதி.

மூன்றாவது, விட்ட இடத்திலிருந்து எப்படித் தொடர்வது? இருநூறு எண்களுக்கு இடம் கொடுத்துக் கேட்கிறோம். பட்டியல் அதைவிடப் பெரிது. 'இருநூற்று ஒன்றாவதிலிருந்து கொடு' என்று கேட்கும்படி வைத்தால், அதற்குள் முதல் இருநூறில் ஒன்று மறைந்தாலே வரிசை நகர்ந்து, ஒன்று நம் கண்ணில் படாமலே நழுவிவிடும். லிஸ்ட்என்எஸ்ஸிடம் கடைசியாக வந்த எண்ணைக் கொடுத்து, 'இதைவிடப் பெரியவற்றைக் கொடு' என்று கேட்கிறோம். எண்கள் ஏறுவரிசையில் வருகின்றன. ஒன்றின் எண் மற்றொன்றுக்குப் போவதில்லை. எனவே நாம் கேட்டு முடிக்கும் வரை உயிரோடிருந்த எதுவும் விடுபடாது. ஃப்ரீபிஎஸ்டியின் ஜெயில்_கெட் பிடித்த அதே நூல்தான். லினக்ஸிலேயே 2024-இல் 6.8 கெர்னலில் வந்த லிஸ்ட்மவுண்ட், மவுண்டுகளுக்கு இந்த முறையைக் கையாண்டது. லிஸ்ட்என்எஸ் அதன் தங்கை.

நான்காவது, யார் பார்க்கலாம்? ஒவ்வொரு பெயர்வெளிக்கும் உடைமையாளராக ஒரு யூஸர் பெயர்வெளி உண்டு. கேட்பவர் தான் இருக்கும் பெயர்வெளிகளைப் பார்க்கலாம். தனக்கு நிர்வாக உரிமை உள்ள யூஸர் பெயர்வெளியின் உடைமைகளைப் பார்க்கலாம். மற்றவை சத்தமில்லாமல் விடுபடும். அனுமதி இல்லை என்று ஒவ்வொன்றுக்கும் மறுப்புச் சொன்னால், அங்கே ஏதோ இருக்கிறது என்று காட்டிக்கொடுத்ததாகிவிடும். குறிப்பிட்ட வகைகளை மட்டும், குறிப்பிட்ட உடைமையாளருக்கு உரியதை மட்டும் கேட்கவும் வசதி உண்டு.

குறைகளையும் சொல்ல வேண்டும். யூனிக்ஸ் மரபில் வளர்ந்தவர்களுக்கு, எதையும் எழுத்தாகப் படித்துக் கண்ணால் பார்ப்பது ஒரு சுகம். பெல் ஆய்வகத்தின் பிளான் 9 இயங்குதளத்தில், ஒரு பிராசஸின் பெயர்வெளியை மறுபடி கட்டத் தேவையான கட்டளைகளாகவே வாசிக்கத் தரும் கோப்பு ஒன்று உண்டு. லிஸ்ட்என்எஸ் தருவதோ எண்களின் வரிசை. இது எந்த வகை, யாருடையது என்றெல்லாம் அறிய ஒவ்வொன்றையும் திறந்து தனியாக விசாரிக்க வேண்டும். ஷெல்லில் ஒரு வரி அடித்து முடிக்கும் வேலை இல்லை. நடுவில் ஒரு கருவி வேண்டும். புதிதாக ஒன்று பிறந்தால் அதுவாக வந்து சொல்லவும் சொல்லாது. மறுபடி மறுபடி கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். பீடர்மனின் ஆட்சேபமும் முழுதாகத் தீர்ந்துவிடவில்லை. இந்த எண் இந்தக் கணினிக்கும், இந்த ஓட்டத்துக்கும் மட்டும் செல்லும். ஊர் மாற்றிக் கொண்டுபோகும் கன்டெய்னர் அதை நம்பி எதையும் எழுதிவைக்கக் கூடாது.

இருந்தாலும் தராசில் வைத்தால் நிறைகளின் பக்கம்தான் தாழ்கிறது. ஒரு காரணம் மேலே சொன்ன நான்கு பதில்கள். இன்னொரு காரணம் கண்ணில் படாத இடத்தில் இருக்கிறது. டப் என்ற பழைய அழைப்புக்குப் பின் டப்2, டப்3 என்றும், பைப்புக்குப் பின் பைப்2 என்றும் வால் எண் ஒட்டிக்கொண்டே போன வரலாறு யூனிக்ஸ்காரர்களுக்குத் தெரியும். வந்த இடைமுகத்தை விரிக்க இடம் விடாததன் விலை அது. லினக்ஸில் ஒருமுறை பயனர் கைக்குப் போன இடைமுகத்தைத் திரும்பப் பெறுவது நடக்காத காரியம். லிஸ்ட்என்எஸ்ஸிடம் கொடுக்கும் கோரிக்கை தன் அளவைத் தானே சொல்கிறது. அதற்குள் சில இடங்கள் காலியாக விடப்பட்டு, அவற்றில் சுழியம்தான் இருக்க வேண்டும் என்று கெர்னல் கண்டிப்போடு சரிபார்க்கிறது. இன்று குப்பை எதுவும் அங்கே நுழையாததால், நாளை அந்த இடங்களுக்குப் பொருள் கொடுக்க முடியும். தேவை என்னவென்று இன்னும் தெரியாத ஒருவருக்காக இடம் ஒதுக்கி வைத்த இந்தக் கட்டுப்பாட்டுக்காகவே, இதை நல்ல கைவேலை என்று மதிப்பிடுகிறேன்.