கதவு ஏன் பிடிக்கிறது?

மேலைநாட்டார் சிலர் தம் தோட்டத்தில் ஆமைக்கென்று மரத்தால் ஒரு சிறு வீடு கட்டி, அதற்கொரு கதவும் வைக்கின்றனர். குளிர்நாட்டில் மத்தியதரைக் கடற்பகுதி ஆமைகளை வளர்ப்போர்க்கு அது தேவையாகிறது. நம் நாட்டிலோ, 'ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் உருப்படா' என்று பழமொழியே சொல்லி வைத்துவிட்டோம். பாவம், ஆமை என்ன செய்யும்! பழமொழி கிடக்கட்டும், நம் வறண்ட புதர்க்காடுகளில் வாழும் நட்சத்திர ஆமையை வீட்டில் வளர்ப்பதை 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமே தடுக்கிறது. ஆகவே நம் ஊரில் அந்த மரவீட்டுக்கு ஈடாக நான் கண்டது கொல்லைப்புறத்துக் கோழிக்கூடுதான். இரண்டின் கதவுக்கும் நோய் ஒன்றே: மழைக்காலத்தில் திறக்கவும் வராது, சாத்தவும் வராது. 'கதவு பிடிக்கிறது' என்பர் எங்கள் ஆழ்வார்குறிச்சியில்.

அவ்வூர் மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில், கடனா நதிப் பாங்கில் அமைந்தது. ஜூன் முதல் ஆகஸ்டு வரை மலையைக் கடந்து வரும் ஈரக்காற்றும் சாரலும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. தாமிரபரணிப் பள்ளத்தாக்கில் நெல்லுக்குக் கார், பிசானம் என இரு போகம் உண்டல்லவா? கதவு வீங்குவதற்கும் அவ்வாறே இரு போகம்!

இது சிறு தொல்லையென்று தள்ளத் தக்கதன்று. சாத்த வராத கூட்டுக்குள் இரவில் மரநாயும் கீரியும் புகும். திறக்க வராத கூட்டின் கேடு அதனினும் பெரிது. 2023 டிசம்பர் 17, 18 ஆகிய நாட்களில் நெல்லைச் சீமையில் பெய்த பெருமழையை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். தாமிரபரணி கரைபுரண்டு ஓடிய அவ்விரவில், தாழ்வான கொல்லைகளில் நீர் ஏறிய பொழுது, அண்டை வீட்டார் ஒருவர் கூட்டுக் கதவு திறவாமல் கடப்பாரையால் பலகையைப் பெயர்த்துக் கோழிகளை வெளியே எடுக்க நேர்ந்தது. கோழியாவது கூவித் தன் துன்பத்தை உணர்த்தும். ஆமைக்கு அதுவும் இல்லை.

மரம் ஏன் வீங்குகிறது? அறுத்து உலர்த்திய பின்னும் மரம் காற்றிலுள்ள ஈரத்தை வாங்குவதும் விடுவதுமாகவே இருக்கிறது. அந்த ஈரம் நார்களின் சுவருக்குள் புகுந்து அவற்றை ஒன்றையொன்று விலக்கித் தள்ளுகிறது. மரத்தின் எடையில் ஏறத்தாழ 30 விழுக்காடு நீர் சேரும்வரை இவ்வீக்கம் தொடரும். அதற்கு மேற்பட்ட நீர் நார்களின் உள்வெளியை நிரப்புமேயன்றி மரத்தைப் பெரிதாக்காது. இதில் வியப்பு யாதெனில், மரம் நீளவாக்கில் ஏறக்குறைய நீள்வதே இல்லை, அகலவாக்கில்தான் விரிகிறது. அகலத்திலும், ஆண்டு வளையத்தை ஒட்டிய திசையில் விரிவது, மையத்திலிருந்து பட்டையை நோக்கிய திசையில் விரிவதைப்போல் ஏறத்தாழ இரு மடங்கு. 60 சென்டிமீட்டர் அகலமுள்ள பலகைக் கதவு நூற்றுக்கு ஒரு பங்கு விரிந்தாலே 6 மில்லிமீட்டர் கூடிவிடும். நிலைக்கும் கதவுக்கும் நடுவே நாம் விடும் சந்து அவ்வளவு இருப்பதில்லை.

பழைய தச்சர்கள் இதனை நன்கு அறிந்திருந்தனர். வீட்டுக் கதவுகளில் சட்டத்தின் உட்புறம் காடி வெட்டி, அதில் பலகையைச் செருகுவார்கள்; ஆணியோ பசையோ இட்டு அதனை இறுக்கமாட்டார்கள். பலகை தன் காடிக்குள் விரியும், சுருங்கும். சட்டத்தின் அளவு பெரிதும் மாறாது. கோழிக்கூட்டுக்கு யார் இவ்வளவு பாடுபடுகிறார்கள்? கிடைத்த பலகைகளைச் சேர்த்து ஆணி அறைகிறார்கள். தொல்லை அங்கேதான் தொடங்குகிறது.

கதவு பிடித்தவுடன் இழைப்புளியைத் தூக்காதீர்கள். பல கதவுகள் வீங்குவதில்லை, தொங்குகின்றன. கீலின் திருகாணி தளர்ந்தால், கீல் இல்லாத பக்கத்து அடிமூலை படியில் உரசும். மேலே அதே பக்கத்தில் சந்து அகலும். அதற்கு மருந்து திருகாணியை முடுக்குவதே. துளை பெருத்திருந்தால் மரக்குச்சியைப் பசையிட்டு அடித்து, அதன்மேல் புதிதாகத் திருகலாம். பலகைகள் சாய்ந்திருந்தால், கீழ்க்கீலின் அருகிலிருந்து எதிர்ப்பக்கத்து மேல்மூலைக்கு ஏறுமாறு ஒரு குறுக்குச் சட்டம் அறைக. தலைகீழாக அறைந்தால் அச்சட்டம் பாரத்தைத் தாங்காது.

வீக்கமே காரணமெனத் தெளிந்தால், நிலையின் உள்விளிம்பில் சாக்குக்கட்டி பூசிக் கதவைச் சாத்தித் திறவுங்கள். வெள்ளை எங்கே ஒட்டுகிறதோ அங்கே மட்டும் இழைக்க வேண்டும். மேல்விளிம்பையும் அடிவிளிம்பையும் இழைக்கும்போது இரு முனைகளிலிருந்தும் நடுவை நோக்கியே தள்ளுக. வெளிநோக்கித் தள்ளினால் மூலை பிளக்கும். ஆனால் அடைமழையில் இழைத்த கதவு சித்திரை வெயிலில் சுருங்கி, பாம்பு நுழையும் சந்தைக் காட்டும். மழை நாளில் உரசும் இடத்தில் மெழுகுவத்தியையோ உலர்ந்த சவர்க்காரத்தையோ தேய்த்து ஒப்பேற்றுங்கள். இழைப்பு வேலைக்கு மாசி, பங்குனி மாதங்களே ஏற்றவை. அப்பொழுது கதவு சுருங்கியிருக்குமாதலால், வீக்கத்துக்கும் இடம் வைத்து அளவு பார்க்க வேண்டும்.

கடனா நதி தாமிரபரணியோடு கலக்கும் திருப்புடைமருதூருக்குச் சென்றால், நாறும்பூநாதர் கோயில் கோபுரத்தின் உள்தளங்களில் நுண்ணிய மரச்சிற்பங்களைக் காணலாம். சில நூற்றாண்டு கண்ட அம்மரவேலை, மழையும் வெயிலும் நேரே படாத இடத்தில் இருக்கிறது. நம் கூட்டுக்குக் கோபுரம் கட்ட இயலாது. கதவுக்கு மேலே ஒரு சாண் நீளத் தாழ்வாரம் இறக்கலாம். இழைத்த இடம் பச்சை மரமாய் ஈரத்தை வாரி உண்ணும்; அன்றே ஆளிவிதை எண்ணெய் பூசி ஆறவிடுங்கள். எல்லாரும் முகப்பைப் பூசி அடிவிளிம்பை விட்டுவிடுகிறார்கள். நார்களின் வாய் திறந்திருப்பது பலகையின் அறுத்த முனையில்தான். தண்ணீரை மிகுதியாக உறிஞ்சுவதும் அதுவே. கதவைக் கீலிலிருந்து கழற்றித் தலைகீழாக நிறுத்தி, அம்முனைக்கு மூன்று முறை எண்ணெய் ஊட்டிய பிறகு மாட்டுங்கள்.