அசையாம நில்லுன்னு சொன்னது யாரு?

(தலைப்பு: ‘குடும்பப் படத்துக்கு உயிர் தருவது ஸ்டுடியோவா? வீடா?’ – ‘வீடே!’ என்ற அணியில், சோழபுரத்திலிருந்து வந்திருந்த இல்லத்தரசி ஒருவர் பேசியது.)

மதிப்பிற்குரிய நடுவர் அவர்களே! எதிரணியிலே பட்டுச் சட்டையும் முகம் நிறைய பவுடருமா, நேரா ஸ்டுடியோவுக்குக் கிளம்பின மாதிரியே வந்து உட்கார்ந்திருக்கிற நண்பர்களே! (சிரிப்பு) வீட்டிலே டி.வி. முன்னாடி சாப்பாட்டுத் தட்டோட உட்கார்ந்திருக்கிற தாய்மார்களே, பெரியோர்களே! நான் சோழபுரத்திலிருந்து வந்திருக்கேன்.

சோழபுரம் எங்கேன்னு கேட்டா, ராஜபாளையத்தையும் ஸ்ரீவில்லிபுத்தூரையும் சொல்லித்தான் நாங்க வழி சொல்லுவோம். நடுவர் ஐயா என்னைப் பார்த்ததுமே, “ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கமாம்மா? பால்கோவா எங்கே?”ன்னு கேட்டாங்க. பால்கோவா கொண்டு வரலைங்க ஐயா. கொடுத்தா லஞ்சம்னு எதிரணி சொல்லிடும்! (சிரிப்பு, கைதட்டல்)

எதிரணித் தலைவர் என்ன சொன்னார்? “ஸ்டுடியோவிலே ஒரு ஒழுங்கு இருக்கு, ஒரு கம்பீரம் இருக்கு. வீட்டிலே எடுத்தா பின்னாடி கொடியிலே லுங்கி தொங்கும்”னு சொன்னார். அண்ணாச்சி, கொடியிலே லுங்கி தொங்கினா எடுத்து மடிச்சு வச்சிடலாம். ஸ்டுடியோ ஸ்டூல்ல உட்கார வச்சதும் எங்க மாமாவோட முகம் தொங்குதே, அதை எங்கே மடிச்சு வைக்கிறது? (பலத்த கைதட்டல்)

நடுவர் அவர்களே, நான் ஸ்டுடியோக்காரங்களைக் குறை சொல்ல வரலை. பாண்டிச்சேரியிலே இருக்கிற பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்துக்காரங்க, 1880-லிருந்து 1980 வரைக்குமான தமிழ்நாட்டு ஸ்டுடியோ படங்களைத் தேடித் தேடிச் சேகரிச்சிருக்காங்க. லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தோட உதவியிலே அதையெல்லாம் கம்ப்யூட்டர்லே பத்திரப்படுத்தியிருக்காங்க. அந்தப் படங்கள் பொக்கிஷம். சடங்கான பொண்ணுக்குப் பூத்தச்சு, பின்னாடி நிலைக்கண்ணாடி வச்சு, முகமும் தெரியணும் ஜடையும் தெரியணும்னு ஒரே படத்திலே எடுத்தானே அந்தக் கலைஞன், அவனைக் கும்பிடணும்.

ஆனா பழைய ஸ்டுடியோ படத்திலே பின்னாடி என்ன இருக்கு? திரையிலே வரைஞ்ச தோட்டம். திரையிலே வரைஞ்ச மாளிகைப் படிக்கட்டு. நம்ம தாத்தா வாழ்ந்த வீடு எது, பாட்டி உட்கார்ந்த திண்ணை எது, அதிலே தேடினாலும் கிடைக்காது. ஏழு பேர் வரிசையா நிக்கிறாங்க. ஏழு பேருமே சிரிக்கலை. குடும்பமே சேர்ந்து ஏதோ கோர்ட்டுத் தீர்ப்புக்குக் காத்திருக்கிற மாதிரி இருக்கு! (சிரிப்பு)

ஏன் அப்படி நின்னாங்க? நம்ம பெரியவங்களுக்குச் சிரிக்கத் தெரியாதா? அசையாம நில்லுன்னு சொன்னது யாரு? மெஷின்!

1839-லே பாரிஸ் நகரத்திலே டகேர்ங்கிறவரோட படம் எடுக்கிற முறையை உலகத்துக்கு அறிவிச்சாங்க. அந்த ஆரம்ப காலத்திலே ஒரு முகம் பதியணும்னா நிமிஷக் கணக்கிலே அசையாம இருக்கணும். தலை ஆடிடக் கூடாதுன்னு பின்கழுத்துக்கு இரும்பிலே ஒரு தாங்கி கொடுத்தாங்க. நிமிஷக் கணக்கா யாரால சிரிச்சுக்கிட்டே இருக்க முடியும்? கல்யாண வீட்டு வாசல்ல சந்தனம் கொடுக்கிற பொண்ணாலேயே முடியாது! (சிரிப்பு)

அப்புறம் பிலிம் வந்தது. ஊட்டியிலே 1960-லே ஆரம்பிச்ச இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் கம்பெனியோட ‘இந்து’ பிலிமை இங்கே பெரியவங்க மறந்திருக்க மாட்டீங்க. பெட்டி காமிராவிலே ஒரு சுருள் போட்டா பன்னிரண்டு படம். காசு போட்டு வாங்கின பன்னிரண்டு. ஒருத்தர் கண்ணை மூடினாலும் ஒண்ணு வீண். அதனாலே, “யாரும் அசையாதீங்க! மூச்சு விடாதீங்க!”ன்னு அதட்டினாங்க.

ஆக, மெதுவான மெஷின் ஒண்ணு, விலை கூடின பிலிம் ஒண்ணு. இந்த ரெண்டு காரணத்துக்காகத்தான் நாம விறைச்சு நின்னோம். இன்னிக்கு அந்த ரெண்டும் இல்லை. ஊட்டிக் கம்பெனியும் மூடியாச்சு. கையிலே இருக்கிற போன், கண்ணிமைக்கிறதுக்குள்ளே பத்துப் படம் எடுக்குது. மெஷின் மாறிடுச்சு. நம்ம முதுகெலும்பு மட்டும் இன்னும் 1839-லேயே நிக்குது! (கைதட்டல்)

சரி, வீட்டிலே எடுத்தா மட்டும் இயல்பா வந்திடுமா? எதிரணித் தங்கச்சி கேட்டாங்க. நியாயமான கேள்வி. சும்மா வராதும்மா. சாம்பாருக்குப் பருப்பை வேக வைக்கிற மாதிரி, இதுக்கும் முன்னேற்பாடு வேணும். ஆனா அந்த ஏற்பாடெல்லாம் முகத்துக்கு இல்லை. வெளிச்சத்துக்கு, வயித்துக்கு, கைக்கு.

முதல்லே வெளிச்சம். எங்க பக்கத்திலே மேற்கே முழுக்க மலை. சாயங்காலம் சூரியன் மலைக்குப் பின்னாடி இறங்கினதும், இருட்டுறதுக்கு முன்னாலே ஒரு வெளிச்சம் இருக்கும் பாருங்க, கண்ணு கூசாது, முகத்திலே திட்டுத் திட்டா நிழல் விழாது. அந்த நேரத்திலே திண்ணையிலே உட்கார்ந்தா, கோபக்கார மாமியார் கூட சாந்தமா தெரிவாங்க! (சிரிப்பு) மலை இல்லாத ஊரா? காலையிலே வெயில் ஏறுறதுக்கு முன்னாடி எடுங்க. பிளாட்டு வீடா? ஜன்னல் பக்கம் வாங்க. ஜன்னலுக்கு முதுகைக் காட்டினா முகம் கறுத்துப் போகும். ஜன்னல் பக்கவாட்டிலே இருக்கணும். பகல்லே டியூப் லைட்டை அணைச்சிடுங்க. ரெண்டு வெளிச்சம் கலந்தா முகத்திலே ரெண்டு நிறம் விழும். கண்ணாடி போட்ட தாத்தாவா? கண்ணாடியைக் கழட்டச் சொல்லாதீங்க. கழட்டினா அவர் நம்ம தாத்தாவே இல்லை. முகத்தைக் கொஞ்சம் திருப்பச் சொல்லுங்க, கண்ணாடியிலே விழுற பளபளப்பு போயிடும்.

ரெண்டாவது வயிறு. பசிச்ச பிள்ளையும் தூக்கம் வந்த பிள்ளையும் படத்துக்கு ஆகாது. முதல்லே சோறு, அப்புறம் தூக்கம், அப்புறம்தான் படம். நல்லாத் தூங்கி எழுந்து, பாலைக் குடிச்ச பிள்ளை தானா சிரிக்கும். “சிரி! சிரிடா! ஏலே, இப்ப சிரிக்கப் போறியா இல்லையா?”ன்னு அடிக்கக் கை ஓங்கினா எந்தப் பிள்ளை சிரிக்கும்? (சிரிப்பு) உடுப்பும் அப்படித்தான். கழுத்தை அறுக்கிற ஜரிகைச் சட்டை வேண்டாம். துவைச்சுத் துவைச்சு உடம்போட ஒட்டின பருத்தித் துணி போதும். புதுத்துணிதான் வேணும்னா, முந்தின நாளே ஒரு தடவை போட்டுப் பழக்குங்க.

மூணாவதுதான் முக்கியம். கை! படம்னு சொன்னதும் நம்ம ஆளுங்களுக்கு வர்ற முதல் சந்தேகம், “கையை எங்கே வைக்கிறது?” முகம் இறுகுறதே அதனாலேதான். கைக்கு வேலை கொடுங்க, முகம் தானா இளகிடும். பாட்டிகிட்ட பூவும் நாரும் கொடுங்க. தாத்தாகிட்ட வெற்றிலைச் செல்லத்தைக் கொடுங்க. அப்பாவும் பையனும் சைக்கிள் துடைக்கட்டும். அம்மா பொண்ணுக்குத் தலை பின்னட்டும். பல்லாங்குழியைப் போட்டு நடுவிலே உட்காருங்க. யாராவது அழுகுணி ஆட்டம் ஆடுவாங்க, எல்லாரும் கத்துவாங்க, அந்த நேரத்திலே எடுங்க!

எடுக்கிறவங்களுக்கும் ரெண்டு வார்த்தை. போன் கண்ணாடியிலே இருக்கிற எண்ணெய்க் கையைத் துடைங்க. முகத்துக்கு ரொம்பக் கிட்டே போகாதீங்க, மூக்கு பெருசாகும். ரெண்டு அடி பின்னாலே போங்க. ஓரத்திலே நிக்கிறவங்க அகலமாத் தெரிவாங்க. மதினியை ஓரத்திலே நிறுத்தி, அவங்க குண்டாத் தெரிஞ்சா, அந்தக் குடும்பப் படத்தாலேயே குடும்பம் ரெண்டாயிடும்! (பலத்த சிரிப்பு) குழந்தையை எடுக்கணும்னா நீங்களும் தரையிலே உட்காருங்க. முதல் பத்துப் படத்தை எண்ணிக்கையிலேயே சேர்க்காதீங்க. அது கூச்சம் போறதுக்கு. எடுத்துக்கிட்டே இருக்கிறவரும் குடும்பத்திலே ஒருத்தர்தான்! பத்து செகண்டு டைமரை வச்சிட்டு ஓடி வந்து உட்காருங்க. இல்லேன்னா அடுத்த வீட்டுக்காரங்களைக் கூப்பிடுங்க.

நடுவர் அவர்களே, இவ்வளவு நேரம் சிரிச்சோம். இப்ப ஒரு விஷயம் சொல்றேன், இதுக்குச் சிரிக்க முடியாது.

ஒரு வீட்டிலே பெரியவங்க காலமாயிட்டா, அழுகைக்கு நடுவிலே ஒரு கேள்வி வரும். “போட்டோ இருக்கா?” பீரோவைத் திறப்பாங்க. கல்யாண ஆல்பத்தைப் புரட்டுவாங்க. கூட்டத்திலே எங்கேயோ பாதி முகம் இருக்கும். கடைசியிலே என்ன கிடைக்கும்? வாக்காளர் அட்டை! 1993-லே சேஷன் காலத்திலே போட்டோ போட்ட அட்டைன்னு உத்தரவு வந்ததாலே, அப்புறம் எத்தனையோ ஏழை வீட்டுத் தாய்மார்களுக்கு ஒரு படமாவது இருக்கு. ஆனா அது என்ன படம்? வரிசையிலே வெயில்லே நின்னு, “அடுத்த ஆளு!”ன்னு கூப்பிட்டதும் பயந்து போய் உட்கார்ந்த முகம். அதைப் பெருசாக்கி, சட்டம் போட்டு, மாலை போட்டு, பொட்டு வச்சு மாட்டுறோம். வாழ்நாள் முழுக்கச் சிரிச்சு, நாலு பிள்ளையை வளர்த்த ஒருத்தியை, அவ பயந்துபோன அந்த ஒரு நிமிஷத்திலேயே சுவத்திலே நிறுத்திடுறோமே, இது நியாயமா? (அரங்கில் அமைதி)

எங்க மாமியார், “போட்டோ எடுத்தா ஆயுசு குறையும்”னு நம்பினவங்க. காமிராவைக் கண்டா முந்தானையாலே முகத்தை மூடிக்குவாங்க. நாங்க வற்புறுத்தலை. “அத்தை, உங்களை எடுக்கலை. நீங்க பூக்கட்டுறதைப் பேத்தி கத்துக்கணுமாம், அதுக்குத்தான் படம். சம்மதமா?”ன்னு கேட்டேன். “அதுக்குன்னா எடுத்துக்கோ”ன்னாங்க. சாயங்காலம், திண்ணை, மடியிலே மல்லிகை, பக்கத்திலே பேத்தி. பேத்தி தப்பா முடிச்சுப் போட்டா. அத்தை அவளைப் பார்த்து ஒரு சிரிப்பு சிரிச்சாங்க. வெற்றிலைக் கறை படிஞ்ச பல்லு அத்தனையும் தெரியுற சிரிப்பு. எடுத்ததைக் காட்டினோம். ரொம்ப நேரம் பார்த்தாங்க. “நான் எங்கம்மா மாதிரியே இருக்கேனே”ன்னாங்க. அவங்க அம்மாவுக்குப் படமே கிடையாது.

ரெண்டு வருஷம் கழிச்சு அத்தை போயிட்டாங்க. நாங்க பீரோவைத் திறக்கவே இல்லை. படம் ஏற்கெனவே சுவத்திலே இருந்தது. இன்னிக்கும் என் பொண்ணு அதைப் பார்த்துத்தான் பூக்கட்டுறா. (பலத்த, நீண்ட கைதட்டல்)

மணி அடிக்கிறீங்க, முடிச்சிடுறேன். எங்க ஸ்ரீவில்லிபுத்தூர்க் கோயில்லே கண்ணாடிக் கிணறுன்னு ஒண்ணு இருக்கு. பெருமாளுக்குக் கட்டின மாலையைக் கோதை தான் சூடி, அந்தக் கிணத்துத் தண்ணியிலேதான் அழகு பார்த்தாள்னு எங்க ஊர்லே சொல்லுவாங்க. அவளை நில்லுன்னு யாரும் சொல்லலை, சிரின்னு யாரும் சொல்லலை. வீட்டுக் கிணறு, கையாலே கட்டின மாலை, மனசு நிறைஞ்ச முகம். வேறென்ன வேணும் ஒரு படத்துக்கு?

இந்த ஞாயித்துக்கிழமை சாயங்காலம் அந்தக் கொடித் துணியை மடிச்சு வைங்க. பிள்ளைகளுக்குச் சோறு போடுங்க. வீட்டிலே ரொம்ப வயசானவங்க எப்பவும் உட்கார்ற இடத்திலேயே அவங்களை உட்கார வச்சு, சுத்தி எல்லாரும் உட்காருங்க. எடுத்ததைப் போன்லேயே விட்டுடாதீங்க, போன் தண்ணியிலே விழுந்தா மொத்த வம்சமும் முழுகிடும். ரெண்டு பிரதி போட்டு, ஒண்ணு வீட்டிலே, ஒண்ணு உறவுக்காரங்க வீட்டிலே. ஆல்பத்திலே படத்துக்குக் கீழே பேரும் தேதியும் எழுதுங்க. ஐம்பது வருஷம் கழிச்சு, “இது யாரு?”ன்னு ஒரு பேரன் கேட்டா, பதில் சொல்ல நாம இருக்க மாட்டோம்.

ஸ்டுடியோ படத்திலே நாம எப்படி நின்னோம்னு தெரியும். வீட்டுப் படத்திலேதான் நாம எப்படி வாழ்ந்தோம்னு தெரியும். ஆகவே குடும்பப் படத்துக்கு உயிர் தருவது வீடே, வீடே, வீடேன்னு தீர்ப்புச் சொல்லும்படி நடுவர் அவர்களைக் கேட்டுக்கிட்டு விடைபெறுகிறேன். (கைதட்டல்)