எரிக்க இருந்த மரக்கட்டைகள்
(சபை ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



வன்கூவர் கடற்கரையில் நாம் சாய்ந்திருந்து சாப்பிடும் பெரிய மரக்கட்டைகள் எல்லாருக்கும் தெரியும். கரையொதுங்கிய அந்தக் கட்டைகளை முன்பு எரித்துவிடுவார்கள். 1960களில் அதைக் கண்ட ஒரு அம்மா, எரிக்காமல் மக்கள் இருப்பதற்குப் போட்டுவிடலாமே என்று நகரப் பூங்கா அதிகாரிகளிடம் கேட்டார். அவர்தான் கொர்னீலியா ஹான் ஓபர்லாண்டர். பூங்காக்களை அமைக்கும் நிலத்தோற்ற வடிவமைப்பாளர்.

1921இல் ஜெர்மனியில் யூதக் குடும்பத்தில் பிறந்தவர். 11 வயதிலேயே பூங்கா அமைக்க ஆசைப்பட்டார். ஹிட்லரின் ஆட்சியில் தாயோடும் தங்கையோடும் நாட்டைவிட்டுத் தப்பி, அமெரிக்காவில் படித்து, 1953இல் வன்கூவருக்கு வந்தார். அகதியாய் வந்து வேரூன்றுவது என்னவென்று நம்மில் பலருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

மொன்றியலில் 1967 உலகக் கண்காட்சியில் மணலும் நீரும் மேடும் படகும் வைத்துச் சிறுவர் விளையாட்டிடம் அமைத்தார். வடக்கே யெலோநைஃப் சட்டமன்றத்தைச் சுற்றி நடுவதற்கு அந்த மண்ணின் செடிகள் விலைக்குக் கிடைக்கவில்லை. அங்கேயே விதை சேகரித்து, வன்கூவரில் கன்றாக வளர்த்து, திரும்பக் கொண்டுபோய் நட்டார். 2021இல், 100 வயதுக்குச் சில வாரங்களே இருக்க, கொவிட் நோயால் காலமானார்.

ஒரு தாதியாக இன்னொன்றும் சொல்கிறேன். அமெரிக்க மருத்துவமனை ஒன்றில் பித்தப்பைச் சத்திரசிகிச்சை செய்தவர்களைப் பற்றி 1984இல் ஓர் ஆய்வு வந்தது. ஜன்னலால் மரம் பார்த்தவர்கள், செங்கற்சுவர் பார்த்தவர்களைவிடச் சீக்கிரம் வீடு போனார்கள். வலி மருந்தும் குறைவாகவே தேவைப்பட்டது.

நமது மண்டபத்தின் பின்மூலையைக் கார் நிறுத்த இடமாக்கச் சபைக்குழு யோசிக்கிறது. இடநெருக்கடி உண்மைதான். வயதானவர்களை மழையில் தூரம் நடக்கவிட முடியாது. வாசலருகே உள்ள இடங்களை அவர்களுக்கு ஒதுக்குவோம். நடக்கக்கூடிய நாங்கள் தெருவில் நிறுத்திவிட்டு வருவோம். பின்மூலையில் இந்த மண்ணின் சலால், வாள்பன்னம், ஹம்மிங் பறவை தேடிவரும் சிவப்புப்பூக் கரண்ட் நடுவோம். வேர்பிடித்துவிட்டால் அவற்றுக்கு அதிகம் தண்ணீர் வேண்டாம்.

குழு இன்னும் முடிவெடுக்கவில்லை. பிள்ளைகளே, தண்ணீர் ஊற்ற நாங்கள் ஆயத்தம் என்று குழுவிடம் நீங்களே போய்ச் சொல்லுங்கள். பெரியவர்களே, அவர்கள் சொல்வதைக் கேட்டுவிட்டு முடிவெடுங்கள்.