இருப்பதைக் கொண்டு வைத்தியம்



பிழைப்பை நாடிப் பிற மாநிலங்களில் குடியேறியுள்ள தமிழர்களுக்குப் பொதுவான அனுபவம் ஒன்று உண்டு. நோயுற்று மருத்துவரிடம் செல்கிறோம். வலிக்கிறது என்று வேற்று மொழியில் சொல்லிவிடலாம். அவ்வலி குத்துகிறதா, குடைகிறதா, கடுக்கிறதா, சுருக்கென்று இழுத்துப் பிடிக்கிறதா என்று எடுத்துரைப்பது எளிதன்று. ஆப்பிரிக்க நாட்டுப்புறத்து மருத்துவமனைக்கு வெளியிலிருந்து செல்லும் மருத்துவருக்கு இதே தொல்லை எதிர்ப்பக்கமிருந்து வந்து சேர்கிறது. அங்கே நோயாளிகள் தத்தம் வீட்டு மொழியில் பேசுகிறார்கள்; மருத்துவரே அந்நியர். ஆகவே, கேட்கக் கற்றுக்கொள்வதே அவருக்கு முதற் பாடமாகிறது.

இதற்கு நல்ல சான்று சிசிலி வில்லியம்ஸ் அம்மையார். அந்நாளில் கோல்டு கோஸ்ட் என்று வழங்கிய இன்றைய கானாவில் அவர் பணியாற்றினார். கால் வீங்கி, தோல் உரிந்து, தலைமயிர் செம்பட்டையாகி மடியும் சிறு குழந்தைகளை அவர் கண்டார். அந்நோய்க்குக் கா மொழியில் ஒரு பெயர் இருந்தது: ‘குவாஷியார்க்கர்’. அடுத்த குழந்தை பிறந்ததும் தாய்ப்பாலை இழந்து நிற்கும் மூத்த குழந்தைக்கு வரும் நோய் என்பது அதன் கருத்து. காரணத்தை எத்திசையில் தேடவேண்டும் என்பதை அந்தப் பெயரே காட்டிற்று. வில்லியம்ஸ் 1935-இல் அதே பெயரை மருத்துவ உலகத்திற்கு அறிவித்தார்.

இனி, பொருட்குறைவைப் பார்ப்போம். நள்ளிரவில் ஒரு பெண்ணைக் கொண்டுவருகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். கருப்பைக்குள் தங்கவேண்டிய கரு, கருக்குழாயில் தங்கி வளர்ந்து, குழாய் வெடித்துவிட்டது. வயிறு நிறைய இரத்தம் தேங்கிக் கிடக்கிறது. நாடி நூல்போல் ஓடுகிறது. இரத்த வங்கி இருப்பதோ பல மணி நேரப் பயணத்திற்கு அப்பால். அப்படியானால் இரத்தம் எங்கே கிடைக்கும்? அவள் வயிற்றிலேயே கிடைக்கிறது. வயிற்றைத் திறந்ததும், அங்கே தேங்கிய புது இரத்தத்தைக் கிருமி நீக்கிய கிண்ணத்தால் முகந்து, பல மடிப்பு மெல்லிய துணியில் வடிகட்டி, உறையாதிருக்கச் சிட்ரேட் சேர்த்து, அவளுடைய நரம்பிலேயே திரும்ப ஏற்றிவிடுகிறார்கள். குடல் கிழிந்து மலம் கலந்திருந்தால் இது ஆகாது. பழைய இரத்தமும் உதவாது. இந்த எல்லைகளை அறிந்து செய்தால் உயிர் தப்புகிறது.

மயக்க மருந்து கொடுக்கத் தேர்ந்த நிபுணரோ இயந்திரமோ இல்லாத இடத்தில் அறுவை செய்வது எப்படி? பெரும்பாலும் கெட்டமைன் என்னும் மருந்து கைகொடுக்கிறது. அளவறிந்து ஊசியாகச் செலுத்தினால், நோயாளி வலியறியாமல் கிடப்பார். மூச்சு பெரும்பாலும் தானே ஓடிக்கொண்டிருக்கும். உலக சுகாதார நிறுவனம் 1985 முதல் இதை இன்றியமையாத மருந்துகளின் பட்டியலில் வைத்திருக்கிறது.

நம் நாட்டிலிருந்து ஆப்பிரிக்கா சென்ற உபாயமும் ஒன்று உண்டு. குடலிறக்கத்திற்கு அறுவை செய்யும்போது, தளர்ந்த இடத்தை வலையொன்றை வைத்துத் தைப்பது வழக்கம். விற்பனைக்கு வரும் வலையின் விலை ஏழைக்கு எட்டாது. மகாராஷ்டிரத்துத் தோண்டாயிச்சா என்னும் சிற்றூரின் அறுவை மருத்துவர் ரவீந்திரநாத் தோங்காவ்கர், சாதாரணக் கொசுவலைத் துணியைக் கிருமி நீக்கிப் பயன்படுத்திக் காட்டினார். பூச்சிமருந்து தோய்க்காத துணியாக இருக்கவேண்டும் என்பது நிபந்தனை. பின்னர் உகாண்டாவில் சுமார் 300 ஆடவர்களிடம் இரு வகை வலைகளையும் ஒப்பிட்டுச் சோதித்தார்கள். ஓராண்டுக்குப் பின் பார்த்தபோது இரண்டிற்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை என்று 2016-இல் முடிவு வெளியாயிற்று. அப்போது ஒன்றின் விலை ஏறக்குறைய ஒரு டாலர். மற்றதன் விலை நூறு டாலருக்கும் மேல்.

இவற்றையெல்லாம் கேட்கும்போது, வறுமை அறிவைக் கூர்மையாக்குகிறது என்று பாராட்டத் தோன்றும். அந்தப் பாராட்டில் ஓர் அபாயம் இருக்கிறது. உபாயம் கைகொடுக்காத இடமும் உண்டு. காற்றிலிருந்து பிராணவாயுவைப் பிரித்துத் தரும் கருவி ஒன்றே ஒன்று இருக்கிறது. அதிலிருந்து வரும் வாயுவைக் குழாய்களில் பகிர்ந்து, நிமோனியாவில் மூச்சுத் திணறும் நான்கு குழந்தைகளுக்குக் கொடுக்கலாம். ஐந்தாவது குழந்தை வருகிறது. அல்லது மின்சாரம் நின்று, ஜெனரேட்டருக்கு டீசல் இல்லாமற் போகிறது. அப்போது மருத்துவர் செய்வது வைத்தியமன்று. யார் பிழைக்கவேண்டும் என்ற தீர்ப்பு. அத்தீர்ப்பை அவர் தாயின் முகத்துக்கு நேரே நின்று சொல்லவேண்டியிருக்கிறது. பிறகு அடுத்த கட்டிலுக்குச் செல்லவேண்டும். வாரத்தில் சில முறை இதைச் செய்யும் மனிதர் எத்தனை ஆண்டுகள் அங்கே தங்குவார்?

இக்கேள்விக்கு மொசாம்பிக் நாடு ஒரு விடை கண்டது. 1975-இல் அந்நாடு விடுதலை பெற்றபோது, அங்கிருந்த போர்த்துகீசிய மருத்துவர்களிற் பெரும்பாலோர் வெளியேறிவிட்டனர். 1984 முதல், அனுபவமுள்ள மருத்துவ உதவியாளர்களையும் செவிலியர்களையும் தேர்ந்தெடுத்து, மூன்றாண்டுகள் அறுவை சிகிச்சை பயிற்றினார்கள். 2002-இல் மாவட்ட மருத்துவமனைகளில் நடந்த பெரிய பிரசவ அறுவைகளில் நூற்றுக்கு 92 இவர்கள் கையால் நடந்தவை. பயிற்சி முடிந்து ஏழாண்டுகள் சென்ற பின்னும் இவர்களில் நூற்றுக்கு 88 பேர் மாவட்ட மருத்துவமனைகளிலேயே இருந்தனர். அங்கே அனுப்பப்பட்ட பட்டம் பெற்ற மருத்துவர்களில் ஒருவர்கூட எஞ்சவில்லை.

போனவர்களைப் பழிப்பது நியாயமாகாது. ஊரைவிட்டு ஏன் வந்தோம் என்பதற்கு நம் ஒவ்வொருவரிடமும் ஒரு காரணம் இருக்கிறதல்லவா? அவர்களிடமும் இருந்திருக்கும். ஆனால், ஒரு மருத்துவமனையைத் தனியொருவரின் தியாகத்தின்மேல் எழுப்பினால், அவர் போகும் நாளில் அதுவும் சரியும். வந்தவர் தம் கைத்திறனை அங்குள்ளோர் கையில் விட்டுச் செல்லவேண்டும். கையுறையும், சோப்பும், டீசலும், தையல் நூலும் மாதந்தோறும் தவறாமல் வந்து சேரவேண்டும். இவை வந்து சேருமானால், கொசுவலையைக் கத்தரிக்கும் சாமர்த்தியம் சில வேளைகளில் மட்டுமே தேவைப்படும். ஐந்தாவது குழந்தைக்கும் மூச்சு கிடைக்கும்.